மணிக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பதற்கு முன்

எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி இருந்தார்கள். கணவர் வங்கி அதிகாரி, அம்மா பள்ளி ஆசிரியை. ஒரே மகள் நியூ ஜெர்சியில். குடியுரிமை கிடைத்ததும் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்டு விண்ணப்பித்தாள். ஒரு ஜனவரிக் கடைசியில் விசா கைக்கு வந்தது. அன்றிரவு மகள் போனில், "அப்பா, மார்ச்சுக்குள்ள வந்துடுங்க, நான் டிக்கெட் போட்டுடறேன்" என்றாள். "போடும்மா, மணிக்கும் சேர்த்துப் போடு" என்றார் அவர்.

மணி ஒன்பது வயது நாட்டு நாய். ஒரு அடைமழை நாளில் அவர்கள் வீட்டு வாசற்படியில் ஒதுங்கிய குட்டி. ஆண்டு தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தார்கள். தடுப்பூசி அட்டையில் தேதி, மருந்தின் ஸ்டிக்கர், கால்நடை மருத்துவர் கையெழுத்து எல்லாம் இருந்தன. அந்த ஒன்பது ஆண்டு அட்டை பயணத்துக்கு உதவாது என்று தெரிந்தபோது அம்மா அழுதுவிட்டார். மணியின் உடம்பில் சிப் இல்லை. அதுதான் காரணம்.

வேலையை முடித்துவிட்டுப் பிள்ளைகளோடு போய்ச் சேரும் பெற்றோர் இன்று நம் ஊரில் பல வீடுகளில் இருக்கிறார்கள். தங்கள் பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, பென்ஷன் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் திட்டமிடுகிறவர்கள், நாயைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நடப்பில், வீட்டிலேயே அதிக அவகாசம் தேவைப்படும் பயணி அந்த நாய்தான்.

முதலில் சிப். அரிசியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குப்பி அது. தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். அதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைக் காட்டும், அவ்வளவுதான். ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற தர எண்களுக்கு உட்பட்ட சிப்பாக இருந்தால்தான் பிற நாட்டு ஸ்கேனர்கள் அதைப் படிக்கும். விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிக்கு மணியைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அந்த எண் மட்டுமே. எனவே தடுப்பூசிச் சான்றிதழில் அந்த எண் இருக்க வேண்டும். சிப் பொருத்திய பிறகே தடுப்பூசி போட்டிருக்கவும் வேண்டும். சிப்புக்கு முன் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்று நிரூபிக்க வழியில்லை. ஐரோப்பா, பிரிட்டன், அமெரிக்கா எல்லாமே இந்த வரிசையைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம், ஆனால் சிப் முந்த வேண்டும்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. தடுப்பூசி போட்டால் போதாது, அது உடம்பில் வேலை செய்திருக்கிறதா என்று காட்ட வேண்டும். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வெறிநோய்க்கு எதிரான எதிர்ப்புப் புரதம் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் மறுபடி ஊசி, மறுபடி ரத்தம். நீங்கள் போகும் நாடு எந்த ஆய்வகத்தை ஏற்கிறது என்பதை ரத்தம் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்காத இடத்தில் செய்த பரிசோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் செல்லாது.

இதன் பிறகும் காத்திருக்கச் சொல்வார்கள். பலருக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதே, இன்னும் என்ன காத்திருப்பு? நோயின் இயல்பைப் பார்த்தால் புரியும். வெறிநோய்க் கிருமி கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளையை நோக்கி நகரும். அறிகுறி தெரியப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். தடுப்பூசி போடும் முன்பே கடிபட்டிருந்தால் அந்த நாய் பார்வைக்கு நலமாகவே இருக்கும், ரத்தப் பரிசோதனையிலும் தேறிவிடும், உள்ளே நோயும் வளர்ந்துகொண்டிருக்கும். அப்படியொரு நாய் எல்லை தாண்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். அறிகுறி தோன்றிய பிறகு இந்த நோயிலிருந்து மனிதரையோ விலங்கையோ மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

பிரிட்டனின் அனுபவம் இதற்குச் சாட்சி. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெறிநோய் ஒழிக்கப்பட்டது. முதல் உலகப் போர் முடிந்த நேரத்தில், 1918-ல், போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த நாயால் மீண்டும் பரவியது. 1922-ல்தான் மறுபடி ஒழித்தார்கள். அதன் பிறகு 2000-ம் ஆண்டு வரை, வெளிநாட்டிலிருந்து வரும் எந்த நாயும் பூனையும் 6 மாதம் தனிமைக் கூடத்தில் இருந்தாக வேண்டும் என்பதே அந்நாட்டுச் சட்டம். இன்று சிப்பும் ரத்தப் பரிசோதனையும் அந்த 6 மாதச் சிறையின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. அந்தக் காலத்து நாய்களை நினைத்தால், இன்றைய காகித வேலை பெரிய சுமையாக எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் ஒரு தேதியை நினைவில் கொள்ள வேண்டும்: 2024 ஆகஸ்ட் 1. அன்று முதல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி புதிய விதிகளைக் கொண்டுவந்தது. நாய்க்கு 6 மாத வயது ஆகியிருக்க வேண்டும், சிப் இருக்க வேண்டும், இணையத்தில் இறக்குமதிப் படிவம் நிரப்ப வேண்டும். இவை எல்லா நாட்டு நாய்களுக்கும் பொது. இந்தியா வெறிநோய் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இருப்பதால் நம் நாய்களுக்குக் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. தடுப்பூசியையும் சிப்பையும் உறுதிசெய்யும் படிவத்தைக் கால்நடை மருத்துவர் நிரப்பி, இந்திய அரசின் கால்நடை அதிகாரி ஒப்பமிட வேண்டும். ரத்தப் பரிசோதனை, பயணத்துக்குக் குறைந்தது 28 நாளுக்கு முன் எடுத்த ரத்தத்தில் நடந்திருக்க வேண்டும். போய் இறங்கியதும் சிடிசியில் பதிவுபெற்ற விலங்குப் பராமரிப்பு நிலையத்துக்குத்தான் நாய் முதலில் போகும். அங்கே பரிசோதித்து, இன்னொரு வெறிநோய் ஊசி போட்டு அனுப்புவார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு இல்லையென்றால் 28 நாள் அங்கேயே தங்க வேண்டும், செலவு முழுவதும் உங்களுடையது. இந்த நிலையத்தில் முன்கூட்டியே இடம் பதிவு செய்யாமல் விமானம் ஏற முடியாது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அப்படிப்பட்ட நிலையங்கள் எல்லா ஊரிலும் இல்லை. விதி வந்தபோது நியூயார்க் ஜேஎஃப்கே, பிலடெல்பியா, வாஷிங்டன் டல்லஸ், அட்லாண்டா, மயாமி, லாஸ் ஏஞ்சலஸ் என ஆறு விமான நிலையங்களில்தான் இருந்தன. நம்மவர்கள் அதிகம் வாழும் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, டாலஸ் நகரங்களின் விமான நிலையங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. மகள் வீட்டுக்கு அருகே இருக்கும் நெவார்க்கும் இல்லை. மலிவான டிக்கெட்டை எடுத்துவிட்டு நாய்க்கு வழி தேடுவது தலைகீழ் வேலை. நாய் இறங்கக்கூடிய ஊரை முதலில் முடிவு செய்து, அங்கே போகும் விமானத்தில் உங்களுக்கு டிக்கெட் எடுங்கள்.

விசாவின் காலக்கெடுவும் நாயின் காலக்கெடுவும் மோதுவது இந்த இடத்தில்தான். குடியேற்ற விசா பொதுவாக 6 மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். மணி விஷயத்தில் பிப்ரவரியில் சிப்பும் ஊசியும், மார்ச் நடுவில் ரத்தம், ஏப்ரலில் முடிவு, பிறகு படிவங்கள் என்று நாள் ஓடியது. மே மாத வெயிலில் அனுப்ப மருத்துவர் ஒப்பவில்லை. அம்மா மார்ச்சில் தனியாகக் கிளம்பினார். கணவர் மணியோடு வீட்டில் இருந்து, தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஜூனில் ஓர் இரவு விமானத்தில் போனார். நேர்காணல் தேதி வந்த வாரத்திலேயே சிப் பொருத்தியிருந்தால் இருவரும் சேர்ந்தே போயிருக்கலாம்.

மற்ற நாடுகளுக்கு விதிகள் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் இந்தியா இல்லாததால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஆகச் சிப் பொருத்திய நாளிலிருந்து கணக்கிட்டால் குறைந்தது 4 மாதம். உரிமையாளர் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் இடையே 5 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் அது வணிக இறக்குமதியாகக் கணக்காகி, விதிகள் இறுகிவிடும். பிரிட்டனுக்கும் அதே 3 மாதம் உண்டு. கூடவே, சேருவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பார்வையற்றோருக்கு வழிகாட்டுவது போன்ற உதவி நாய்களைத் தவிர மற்றவை அங்கே கார்கோவாக மட்டுமே விமானத்தில் இறங்க முடியும். அதனால் சிலர் பாரிஸ் வரை பறந்து, அங்கிருந்து காரில் கடலடிச் சுரங்க ரயில் வழியாக அழைத்துப் போகிறார்கள். கனடா இவர்களோடு ஒப்பிட்டால் எளிது. உரிமையாளரோடு வரும் வளர்ந்த நாய்க்கு முறையான வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழே முக்கியம்.

ஆஸ்திரேலியா எல்லாவற்றிலும் கடினம். இந்தியாவிலிருந்து நேரடியாக நாய், பூனைகளை ஏற்பதில்லை. அவர்கள் அங்கீகரித்த வேறொரு நாட்டுக்கு முதலில் கொண்டுபோய், அங்கிருந்துதான் முயல வேண்டும். அதன் பிறகும் மெல்போர்ன் அருகே மிக்கல்ஹாம் என்ற இடத்தில் உள்ள அரசுத் தனிமைக் கூடத்தில் தங்க வேண்டும். 2015-ல் நடிகர் ஜானி டெப்பும் அவர் மனைவி ஆம்பர் ஹேர்டும் தனி விமானத்தில் இரண்டு குட்டி நாய்களை அறிவிக்காமல் கொண்டுவந்தார்கள். நாய்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று விவசாய அமைச்சரே எச்சரித்தார். மறு ஆண்டு ஆம்பர் ஹேர்ட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. உலகப் புகழுக்கே அந்த நிலை. பிள்ளைகள் சிட்னியில் இருக்கிறார்கள், நாய் இங்கே இருக்கிறது என்றால், பெரும்பாலான குடும்பங்களுக்கு என் யோசனை, நாயை இங்கேயே நம்பிக்கையான கைகளில் விடுங்கள் என்பதே.

சிங்கப்பூரில் பிள்ளை வாழ்வது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீடா என்று கேளுங்கள். அங்கே ஒரு வீட்டில் ஒரே நாய், அதுவும் அனுமதித்த சிறு இனங்கள் மட்டும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அந்த வீட்டில் வாழ முடியாது. பூனைக்கு 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி உண்டு, வீட்டுக்கு இரண்டு. பிரிட்டனில் பிட்புல் வகை உள்ளிட்ட சில இனங்களுக்கு முழுத் தடை. கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல்: நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம். அதைக் கொண்டுபோவது பற்றிப் பேசவே இடமில்லை.

இனி பெட்டி. விமானத்தில் நாய் போகும் கூண்டுக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா அளவு வகுத்திருக்கிறது. நாய் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், முழுதாகத் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். செலவைத் தீர்மானிப்பது நாயின் எடையைவிட இந்தப் பெட்டியின் கனஅளவுதான். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வருவது கார்கோ கணக்கின் எடை. 122 நீளம், 81 அகலம், 89 உயரம் உள்ள பெரிய பெட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 147 கிலோ வரும். உள்ளே நிற்கும் ராஜபாளையம் 25 கிலோதான் இருக்கும். ஏஜென்ட் சொல்லும் தொகையைக் கேட்டு அதிர்ச்சி அடையும் முன் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பெட்டியைப் புறப்படும் வாரத்தில் வாங்காதீர்கள். இரண்டு மாதம் முன்பே வாங்கிக் கூடத்தில் கதவைத் திறந்து வையுங்கள். நாயின் பழைய போர்வையை உள்ளே விரியுங்கள். சோற்றுத் தட்டை முதலில் வாசலிலும், பிறகு உள்ளேயும் வையுங்கள். அதுவாகவே போய்த் தூங்கத் தொடங்கிய பிறகு கதவைச் சாத்தி ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று பழக்குங்கள். மணி கடைசி மாதத்தில் அந்தப் பெட்டியைத் தன் அறையாகவே எடுத்துக்கொண்டது. பயணத்துக்காக ஒரு நாய்க்கு நாம் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை என்பேன்.

தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். மயக்கத்தில் ரத்த அழுத்தமும் மூச்சும் குறையும், உடற்சூட்டைச் சமன்செய்யும் திறன் போய்விடும், பெட்டி சாயும்போது நிலைகொள்ள முடியாது. மருந்து கொடுத்தது தெரிந்தால் பல விமான நிறுவனங்கள் ஏற்றவும் மாட்டா. விலங்குகள் இருக்கும் சரக்கறையிலும் பயணிகள் பகுதியைப் போலவே காற்றழுத்தம் காக்கப்படுகிறது, வெப்பமும் பராமரிக்கப்படுகிறது. உண்மையான ஆபத்து ஆகாயத்தைவிடத் தரையில்தான் அதிகம், வெயிலில் தகிக்கும் ஓடுதளத்தில் பெட்டி காத்திருக்கும் நேரத்தில். அதனால்தான் நம் ஊரிலிருந்து இரவு விமானம், அதுவும் டிசம்பர், ஜனவரி என்றால் உத்தமம்.

பக், புல்டாக், பாக்ஸர், பெர்ஷியன் பூனை போன்ற மூக்குச் சப்பையான இனங்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. நாய்க்கு வியர்வையால் உடம்பைக் குளிர்விக்கும் வசதி மிகக் குறைவு, மூச்சிரைப்பால்தான் சூட்டை வெளியேற்றும். மூச்சுக்குழல் குறுகிய இனத்துக்கு அது முடியாது. அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை பதிவான விமான நாய் மரணங்களில் ஏறக்குறைய பாதி இந்தச் சப்பை மூக்கு இனங்களுடையவை. பல நிறுவனங்கள் இவற்றைச் சரக்கறையில் ஏற்றவே மறுக்கின்றன, அந்த மறுப்பு நியாயமானது. லுஃப்தான்சா போன்ற சில நிறுவனங்கள் பையோடு சேர்த்து 8 கிலோ வரை உள்ள விலங்கைப் பயணியின் காலடியில் வைத்துக்கொள்ள விடுகின்றன. சிறிய பக் என்றால் அந்த வழியைத் தேடுங்கள், இல்லையென்றால் பயணமே வேண்டாம்.

எல்லா நாயையும் அழைத்துப் போகத்தான் வேண்டுமா? இதை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். இதய நோய் உள்ள பதின்மூன்று வயது நாயை இருபது மணி நேரப் பயணத்தில் அனுப்புவது அன்பாகாது. அதன் மிச்சக் காலம் முடியும்வரை இருவரில் ஒருவராவது இருக்க முடியுமா, அல்லது அது ஏற்கெனவே பழகிய தம்பி வீட்டிலோ, தினமும் சோறு வைத்த வீட்டு உதவியாளரிடமோ விட முடியுமா என்று பாருங்கள். அப்படி விடுவதென்றால் வாய்ச்சொல்லோடு நிற்காமல், மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதாமாதம் பணம் போய்ச்சேர ஏற்பாடு செய்யுங்கள். தெருவில் விட்டுவிட்டுப் போவதை மட்டும் எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

போன இடத்து வாழ்க்கையையும் முன்பே எண்ணிப்பார்க்க வேண்டும். இங்கே மொட்டை மாடியும் கேட்டும் தெருவும் அதன் உலகம். அங்கே கயிறு இல்லாமல் வெளியே வர முடியாது, கழிவை நாம் குனிந்து எடுக்க வேண்டும், பனியில் வழுக்கும் பாதையில் காலையும் மாலையும் நடத்திப் போக வேண்டும். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிய ஒரு இழுப்பு போதும். நடைபாதையில் பனி உருகத் தூவும் உப்பு நாயின் பாதத்தைப் புண்ணாக்கும். கால்நடை மருத்துவச் செலவு நம் ஊரோடு ஒப்பிட முடியாதது. செல்லப்பிராணிக் காப்பீடு எடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்களை அது பொதுவாக ஏற்காது. பெற்றோரின் நிலையும் லேசானதில்லை: 65 வயது கடந்திருந்தாலும், கிரீன் கார்டோடு 5 ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகே பணம் கட்டி மெடிகேரில் சேர முடியும். நாயின் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்பதை மகளிடமும் மருமகனிடமும் முன்பே பேசிவிடுவது எல்லோருக்கும் நல்லது. ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருக்கப் போகிறவர்கள் நாயையும் கூடவே இழுத்தடிக்க வேண்டாம், ஏதாவது ஒரு ஊரில் அது நிலையாக இருக்கட்டும்.

எதிர்த் திசையிலும் பயணம் உண்டு. முப்பது ஆண்டு அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ உழைத்துவிட்டு, ஓய்வுக் காலத்துக்குக் கோவைக்கோ திருச்சிக்கோ நாயோடு திரும்புகிறவர்கள். இரண்டு ஆண்டு தொடர்ந்து வெளிநாட்டில் வசித்துக் குடிபெயர்ந்து வருகிறவர், பயணச் சாமான் கணக்கில் இரண்டு செல்லப்பிராணிகள் வரை கொண்டுவரலாம் என்பது இங்குள்ள ஏற்பாடு. மற்றவர்களுக்குத் தனி இறக்குமதி உரிமம் தேவை. மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றிதழ் சேவை அலுவலகத்தில் முன்னதாகத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அந்த அலுவலகம் இருக்கும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா போன்ற ஊர்கள் வழியாகத்தான் விலங்கு உள்ளே வரலாம். சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கு நேராக வந்து பழகியவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள். வந்த பிறகு நாய்க்குப் பெரிய எதிரிகள் வெயிலும் உண்ணியும். உண்ணிக் காய்ச்சலையே பார்த்திராத நாய்க்கு இறங்கிய முதல் வாரத்திலேயே உண்ணி மருந்தைத் தொடங்கிவிடுங்கள்.

விதிகள் அவ்வப்போது மாறும். போகும் நாட்டு அரசின் இணையதளத்தில் இருப்பதே இறுதி, ஏஜென்ட் வாய்வார்த்தை இல்லை. பயணம் இன்னும் முடிவாகவில்லை என்றாலும் பரவாயில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வீட்டில் ஒரு நாய் இருக்கிறது என்றால், இந்த ஆண்டுத் தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம், "ஊசிக்கு முன்னாடி சிப் போட்டுடுங்க டாக்டர்" என்று கேளுங்கள்.